இரண்டு முகடுகளுக்கு நடுவே

இடுப்புக்குக் கீழே இயந்திரத்துக்குள், மேலே வெளியே. இப்படித்தான் படுக்க வைப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் திருச்சியிலிருந்து சென்னை வரைக்கும் பஸ்ஸில் அவ்வளவு பயந்துகொண்டு வந்திருக்க மாட்டேன். முழு ஆளையும் குழாய்க்குள் தள்ளிவிடுவார்கள், மூச்சு முட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அப்படித்தான் செய்தார்கள். இன்றைக்கு என் கெண்டைக்கால் மட்டும் போதுமாம். வலது கெண்டைக்காலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்பிச்சுருள், அதன்மேல் காலை வைத்துப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள், பாதத்துக்கு எதிரே ஒரு மிதிபலகை. தையல் மெஷினில் இருப்பது மாதிரிதான், ஆனால் மரமும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் மட்டும். இரும்பு இருந்தால் காந்தம் பிடுங்கிக்கொள்ளும். "டீச்சர், கேக்குதா?" என்று காதுக்குள் ஜெசிந்தாவின் குரல். கேட்கிறது என்றேன். "இப்போ மிதிக்காண்டாம். சும்மா கிடங்க. முதல்ல ஓய்வா இருக்கிற காலைப் பாக்கேன்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நாகர்கோவில் பெண், என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். காலையில் நான் எழுந்து நின்று வணக்கம் டாக்டர் என்றபோது, "நான் ஊசி போடுற டாக்டர் இல்ல டீச்சர், பிசிக்ஸ் டாக்டர்" என்று சிரித்தாள். அவள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி, மடியில் என் கைப்பை, கைப்பைக்குள் கழற்றிக் கொடுத்த என் தாலியும் மூக்குத்தியும். ஒப்பிட்டுப் பார்க்க அதே வயசில் நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்று அவள் சொன்னதும் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முந்திக்கொண்டு நின்றார். அவர் கால் மிதித்து முடித்த பலகையைத்தான் இப்போது என் பாதம் தொட்டுக்கொண்டிருக்கிறது.

நார்மல் என்று வந்துவிட்டால் என்ன செய்வது. இதை வெளியே சொல்ல முடியாது. நோய் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள் எல்லோரும், நான் இங்கே படுத்துக்கொண்டு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நார்மல். அந்த வார்த்தையை எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரே நார்மல், நரம்புக்கு ஊசி குத்திப் பார்த்தது நார்மல், எம்.ஆர்.ஐ. எடுத்த டாக்டர் என் தொடையின் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, "நல்ல தசைம்மா, விளையாட்டு வீராங்கனை மாதிரி இருக்கு, கொஞ்சம் நடந்து பழகுங்க" என்றார். படம் அழகாகத்தான் இருந்தது. எலும்பு நடுவில் வெள்ளை வளையமாக, சுற்றிலும் சதை சாம்பல் நிற இதழ்களாக. எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன், நல்ல தசை என்றதற்காக. இவருக்கு அது புரியவில்லை, ஆனால் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் என்பதால் வேறு ஒன்று புரிந்தது. "படுக்கப் போட்டுப் படம் எடுத்தா எப்படித் தெரியும்? லைன்ல லோடு ஏத்துனாதானே எங்க பழுதுன்னு தெரியும்" என்றார், சாப்பிட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக. அதைத்தான் இவள் இன்றைக்குச் செய்யப்போகிறாள். லோடு ஏற்றப்போகிறாள். ஏற்றின பிறகும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் அதற்கப்புறம் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. அம்மா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

டிக், டிக் என்று மெதுவாக ஒரு சத்தம். போன வருஷம் காதைப் பிளந்த மாதிரி இல்லை, பல்லி சொல்வது மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு டிக்குக்கும் என் காலில் இருக்கிற பாஸ்பரஸ் பதில் சொல்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஊசி இல்லை, சூடு இல்லை, கூச்சம்கூட இல்லை. இருபது வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். உப்பைக் கொடுத்து என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வோம், பிள்ளைகள் அதைக் கரைப்பார்கள், அமிலம் விடுவார்கள், கொதிக்க வைப்பார்கள், கடைசியில் பெயர் தெரிந்துவிடும், உப்பு இருக்காது. ஒரு பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதை அழித்தாக வேண்டும் என்றுதான் என் கை பழகியிருக்கிறது. தசையில் ஒரு துண்டு வெட்டியும் பார்க்கலாம், அது அடுத்த கட்டம் என்று ஜெசிந்தா காலையில் சொன்னாள், "ஆனா வெட்டி எடுத்த சதை செத்த சதைதானே டீச்சர். அது உழைக்காது. உழைக்கையில என்ன நடக்குன்னு உயிரோட இருக்கிற காலுதான் சொல்லணும்." இவர் மிதித்து முடித்ததும் அவர் கால் சொன்ன பதிலை எனக்குத் திரையில் ஒரு கோடாகக் காட்டினாள். வரிசையாக முகடுகள். உயரமாக நிற்பது கிரியேட்டின் பாஸ்பேட், உடனடிச் செலவுக்குச் சதை கையில் வைத்திருப்பது. வலது பக்கம் மூன்று முகடும் ஏ.டி.பி. இடது ஓரத்தில் குட்டையாக ஒன்று, தனி பாஸ்பேட். இவர் மிதிக்க மிதிக்க உயரமானது குட்டையாகி, குட்டையானது வளர்ந்தது, அதோடு மெதுவாக உயரமானதன் பக்கம் நகர்ந்தும் வந்தது. "நகருது பாத்தீங்களா, சாருக்கு அமிலம் ஊறுது. காலு எரியுதுன்னு சொன்னாருல்லா, அந்த நேரந்தான்" என்றாள். லிட்மஸ் இல்லை, துளி ரத்தம் இல்லை. இரண்டு முகடுகளுக்கு நடுவில் இருக்கிற தூரத்தை வைத்து உயிருள்ள ஒருவரின் காலுக்குள் எவ்வளவு அமிலம் என்று சொல்கிறாள். பாடம் நடத்துகிற கெட்ட பழக்கம், உடனே இதை எந்த வகுப்பில் எப்படிச் சொல்வேன் என்று மனசு கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பாவுக்கு எடுத்தது பெட் ஸ்கேன். கழுத்தில் கட்டி வந்து, புற்று எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க. கதிர் வீசுகிற சர்க்கரையை ஏற்றி, யாரோடும் பேசாமல் அசையாமல் ஒரு அறையில் படுக்க வைத்து, பிறகு எடுத்தார்கள். வெள்ளைத் தாளில் அப்பா கரியில் வரைந்த மாதிரி வந்தார், சர்க்கரை அதிகமாகப் போன இடமெல்லாம் கறுப்பு. கழுத்தில் கறுப்பு, அக்குளில் கறுப்பு. எல்லாவற்றையும்விடத் தலை கன்னங்கரேல் என்று இருந்ததைக் காட்டி, அங்கேயுமா என்று கேட்டேன். அது மூளைம்மா, மூளை எப்பவும் அப்படித்தான், சும்மா படுத்திருந்தாலும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும் என்றார் டாக்டர். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர், பேசவே மாட்டார், அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அந்த மனுஷன் தலைக்குள் அவ்வளவு எரிந்துகொண்டிருந்ததா. எதை நினைத்து. அந்தக் கறுப்பில் எந்த மூலையிலாவது நான் இருந்தேனா. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, ஒரு படம் அவருக்காகப் பேசிவிட்ட மாதிரி. அதனால்தான் காலையில் ஜெசிந்தாவிடம் கேட்டேன், எனக்கு ஏன் பெட் எடுக்கவில்லை, அது இதைவிட நல்லதில்லையா என்று. அவளுக்கு அப்படிக் கேட்டால் பிடிக்கிறது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "பெட்டுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை டீச்சர். ஒரு குளத்துல ஒரு சிட்டிகை போட்டாலும் பாத்துரும். இதுக்கு அது வராது. ஆனா அது பாக்கிறது சர்க்கரை உள்ள போச்சாங்கிறது மட்டுந்தான். உள்ள போய் என்னாச்சுன்னு அதுக்குத் தெரியாது. பாதி வழியில நின்னுக்கிடுற மாதிரி செஞ்ச சர்க்கரையதானே நாம கொடுக்கோம்." இது எப்படி என்றேன். "இது மந்தக் கண்ணு. நிறைய இருந்தாத்தான் தெரியும், நேரமும் பிடிக்கும். ஆனா பேரு சொல்லும். இது இன்னது, இது இன்னதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு சொல்லும்." பிறகு குரலைத் தாழ்த்தி, நகைக் கடையில் வாங்க முடியாத ஒன்றைக் காட்டுகிற மாதிரி, கார்பனில் ஒரு வழி இருப்பதைச் சொன்னாள். கிட்டத்தட்ட தனிச் சுழி வரைக்கும், அதற்குக் கீழே குளிரே கிடையாது என்கிற புள்ளி வரைக்கும், குளிரவைத்து, அணுக்களையெல்லாம் ஒரே பக்கம் திரும்பவைத்து, சட்டென்று கரைத்து உடம்பில் ஏற்றினால் பத்தாயிரம் மடங்கு உரக்கக் கேட்குமாம், ஒன்றிரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடுமாம், அந்த ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதைக் கண்ணால் பார்த்துவிடலாமாம். இங்கே இருக்கிறதா என்றேன். "இல்ல டீச்சர். ஆசைதான்." எத்தனை விதமாக யோசித்திருக்கிறார்கள். சர்க்கரையில் விளக்கேற்றி ஒரு வழி, பாஸ்பரஸைப் பேச வைத்து ஒரு வழி, கார்பனை உறைய வைத்து ஒரு வழி. தோலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, காயம் படாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு. என் அம்மா ஒரு வழியில்கூடக் கேட்டதில்லை.

"ஓய்வுல எல்லாம் சரியா இருக்கு. இப்போ தொடங்குவோம். நான் மிதிங்கன்னா மிதிங்க, விடுங்கன்னா விடுங்க." ஓய்வில் எல்லாம் சரி. பார்த்தாயா, ஆரம்பித்துவிட்டது. மிதிங்க. விடுங்க. மிதிங்க. ரப்பர் இழுக்கிறது, ரொம்பக் கனமில்லை, ஒரு சின்னப் பெண்கூட மிதிக்கலாம், இதைச் செய்ய முடியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். மன்னார்குடியில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற காலை நேரம், முதல் குடத்தை இடுப்பில் வைத்து நாலு வீடு தாண்டியதும் கை மரத்து, தொடை கல்லாகி, குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிற்பேன். பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். அப்படியே கொஞ்சம் நின்று, கொஞ்சம் நடந்து, நின்று, நடந்து, எப்போது என்று தெரியாமல் உள்ளே ஏதோ ஒரு மடை திறக்கும். மடை என்றுதான் எனக்குள் பெயர் வைத்திருந்தேன். வயலில் மடையைத் திறந்ததும் தண்ணீர் சரசரவென்று பாய்கிற மாதிரி காலுக்குள் ஏதோ பாயும், அதற்கப்புறம் எத்தனை குடம் வேண்டுமானாலும் தூக்குவேன். அதுதான் வினையாகப் போயிற்று. "முதக் கொடத்துக்குச் செத்துப்போற மாதிரி நின்ன. இப்ப அஞ்சாவது கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடியாற. யாருகிட்டடி நடிக்கிற?" அம்மா இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் சொன்னாள். அன்றிலிருந்து நடிப்புக்காரி. முடியாமலே இருந்திருந்தால் நோயாளி என்று விட்டிருப்பார்கள். முடிந்துவிடுகிறதே. மிதிங்க. விடுங்க. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் பாதியில் நின்றவளை விளையாட்டு டீச்சர் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி முடிக்க வைத்தார், மறுநாள் சிறுநீர் கறுப்புக் காபி மாதிரி போயிற்று, பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தேன், நான் நடிக்கிறேனோ என்று. வலிக்கும்போதே மனசுக்குள் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, நிஜமாகவா வலிக்கிறது, நன்றாகப் பார்த்துச் சொல் என்பாள். அவளுக்கு அம்மாவின் குரல்.

இதோ வந்துவிட்டது. கெண்டைக்கால் இறுகுகிறது. உருண்டு, கட்டையாகி, யாரோ உள்ளேயிருந்து முடிச்சுப் போடுகிற மாதிரி. நிஜமாகவா. நிஜமாகத்தான். இவ்வளவு சீக்கிரமாகவா, ரப்பர்ப் பட்டைதானே. "டீச்சர், எப்படி இருக்கு?" இறுகுகிறது என்றேன், குரல் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தது. "எரியுதா?" எரியவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னேன், வலி இருக்கிறது, பிடிப்பு இருக்கிறது, ஆனால் எரியவில்லை. ஒரு கணம் காதில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "சரி. ரொம்ப இறுக்கிச்சுன்னா மெதுவா மிதிங்க. ஆனா நிப்பாட்டிராதீங்க" என்றாள். ஏன் அந்த மௌனம். என்ன பார்த்தாள், அல்லது பார்க்க ஒன்றுமில்லையா. திருச்சியில் சிறுநீரக டாக்டர் இப்படித்தான் ஒரு கணம் பேனாவை மூடி வைத்தார். எலெக்ஷன் வேலைக்குப் போன இடத்தில் வோட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு அவசரமாக மாடி ஏறி, கையை நீட்ட முடியாமல் பூத்தில் உட்கார்ந்து, மறுநாள் மறுபடி அந்தக் கறுப்புக் காபி, கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அந்த டாக்டர் வயசானவர், என் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டிவிட்டுக் கேட்டார், "ஒண்ணு கேக்குறேன். முதல்ல முடியாம இருந்து, விடாம மெதுவா செஞ்சா கொஞ்ச நேரத்துல தானா லேசாயிடுமா?" என் நாக்கு இல்லை என்று சொல்லத்தான் போயிற்று. அதை ஒத்துக்கொண்டால் என் நாற்பது வருஷமும் பொய்யாகிவிடும், இந்த டாக்டரும் சிரிப்பார் என்று. இல்லை என்று ஆரம்பித்து, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, ஆமாம் டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தசையில் சர்க்கரை சேமிப்பு உண்டு, அதை உடைத்து எடுக்கிற என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, மெக்கார்டில் என்று பெயர், வீடு நிறைய நெல் இருந்தும் குதிரின் வாய் அடைத்துக்கொண்ட மாதிரி என்றார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் வேறு வழியாகச் சர்க்கரையும் கொழுப்பும் கொண்டுவந்து கொடுக்கும், அதுதான் உங்கள் உடம்பு லேசாகிற நேரம், ஆனால் இது என் ஊகம் என்றார். சேமிப்பு உடைந்தால்தான் அமிலம் வரும், உடையாவிட்டால் வராது, அதைக் காலுக்குள்ளேயே பார்க்கிற இடம் ஒன்று சென்னையில் இருக்கிறது என்றார். ஊகம். ஊகம் தப்பாகவும் இருக்கலாம்.

மிதிங்க. விடுங்க. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக மிதிக்கிறேன். கூரையில் ஒரு தண்ணீர்க் கறை இருக்கிறது, ஒன்றின் மாதிரியும் இல்லை, வெறும் கறை. இத்தனை கோடி ரூபாய் காந்தத்துக்கு மேலே ஒழுகியிருக்கிறது. இந்தக் காலைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் கோபம்தான். இது என்னைக் காட்டிக்கொடுத்த கால். ஆனால் குதிரின் வாய் அடைத்துக் கிடக்கும்போது இது என்ன செய்திருக்கிறது, கையிருப்பை முதல் நிமிஷத்திலேயே செலவு செய்துவிட்டு, வலியால் என்னை நிறுத்தி வைத்து, நின்ற நேரத்தில் வேறெங்கிருந்தோ வரவழைத்து, என்னை வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது, ஒவ்வொரு நாளும், யாரும் சொல்லிக்கொடுக்காமல். அது அதற்குத் தெரிந்த கணக்கில் சரியாகத்தான் நடந்திருக்கிறது, நாங்கள்தான் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். அப்படியென்றால். நோய் இருந்தால் அப்படி. இல்லையென்றால். விடுங்க. மிதிங்க. முடிச்சு இன்னும் அவிழவில்லை, இன்றைக்குப் பார்த்து வராமல் போய்விடுமோ, கூப்பிட்டால் வராது அது, ஆள் பார்க்கிறார்கள் என்றால் வராது. மிதிங்க. மிதித்தேன். ஏதோ மாறுகிற மாதிரி. இல்லை. மறுபடி. முடிச்சின் ஓரத்தில் ஒரு இழை தளர்கிறது. கால் விரல்களுக்குள் சூடு மெதுவாக வருகிறது, பலகை பின்னால் போகிறது, முன்பைவிட லேசாக, இன்னும் லேசாக. அதேதான். நான் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே காதில் ஜெசிந்தா கேட்டாள். "டீச்சர், இப்போ உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

ஆமாம் என்றேன். இப்பதான். லேசாகிறது. "இங்கயும் தெரியுது," என்றாள்.

இங்கயும் தெரியுது. அவள் இன்னும் பேசுகிறாள், நான் அந்த இரண்டு சொல்லிலேயே நிற்கிறேன், கஷ்டப்பட்டு மற்றதைக் கேட்கிறேன். "நீங்க மிதிச்சுக்கிட்டேதான் இருக்கீங்க, ஆனா கிரியேட்டின் பாஸ்பேட் திரும்ப ஏறுது. யாரோ கொண்டாந்து போடுற மாதிரி ஏறுது. இது நடிச்சு வரவைக்க முடியாதது டீச்சர்." நான் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் இங்கே படுத்திருக்கிற நேரத்தில், என் ஊரில் எனக்கு என்ன பெயர் என்று. அமிலம் என்றேன், அமிலம் என்ன ஆயிற்று. "அசையவே இல்ல. ரெண்டு முகடும் தொடங்கையில எங்க நின்னுச்சோ அங்கயேதான் நிக்கி. உங்க டாக்டர் நினைச்சது சரிதான்னு நான் நினைக்கேன். ரத்தத்துல ஜீன் பாத்து அவங்கதான் எழுதித் தரணும். ஆனா நான் பாத்தாச்சு." பின்னால் இவர் குரல், மைக்குக்குத் தள்ளி, "அரசி, என்னுது கிட்ட வந்துச்சுல்ல, உன்னுது வரவே இல்லடி" என்றது, பிறகு நாற்காலி நகர்கிற சத்தம். கண்ணிலிருந்து இறங்கிக் காதுக்குள் போகிறது, துடைக்க முடியாது, கையை அசைத்தால் கால் சுருளிலிருந்து நகர்ந்துவிடும். பரவாயில்லை, போகட்டும். மனசுக்குள் உட்கார்ந்திருக்கிறவள் நிஜமாகவா என்று கேட்கிறாளா என்று காத்திருந்தேன். டிக், டிக் என்று பாஸ்பரஸ்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"போதும் டீச்சர். எங்களுக்கு வேண்டியது கிடைச்சாச்சு. இனி விட்டுட்டு ஓய்வா கிடங்க." கால் ஓடுகிறது, தண்ணீர் பாய்கிற வாய்க்கால் மாதிரி, வலியே இல்லை. இவ்வளவு நன்றாக அது வேலை செய்து நான் ஒரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை, எப்போதும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா, என்றேன், இன்னும் கொஞ்ச நேரம் மிதிக்கட்டுமா. அவள் இவரைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், குரல் தாமதமாகத்தான் வந்தது.

"மிதிங்க டீச்சர். நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."